சொல்லிவிட்டுக் குடிக்கிற தண்ணீர்

எங்கள் பக்கத்தில் இழவு சொல்லப் போகிற ஆளுக்கு ஒரு கட்டு உண்டு. ஊரைவிட்டுக் கிளம்பினால், சொல்ல வேண்டியவரிடம் சொல்லி முடிக்கிற வரைக்கும் யார் கையிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டான். வழியில் ஏரி, ஓடை இருந்தால் தானே இறங்கி அள்ளிக் குடித்துக்கொள்ளலாம். யாராவது நீட்டினால் வாங்கக் கூடாது. ஒரு ஆள் வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்று, கொடுத்த செம்பை வாங்காமல் தலையை ஆட்டினால் போதும். அவன் வாயைத் திறக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் எழுதலாம் என்று தள்ளினால் கை வராது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டுகிற சுரங்கத்தில் கூடை சுமந்துகொண்டிருந்தேன். சுரங்கம் என்றால் பூமிக்குள் பொந்து இல்லை. வானம் பார்த்த பெரிய பள்ளம். மேலே வெயில், கீழே கல்லின் வெளுப்பு, இரண்டுக்கும் நடுவில் நாங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூசி எழும்பும். மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வோம். மத்தியானத்துக்குள் தலைமயிர், புருவம், முதுகு எல்லாம் வெளுத்துப்போய், யார் கிழவன், யார் வாலிபன் என்று பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது.

எங்கள் ஊர் காக்காபாளையம் தாண்டி, சங்ககிரி ரோட்டிலிருந்து தெற்கே பிரிகிற வண்டிப்பாதையில் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து பதிமூன்று மைல். அங்கே எனக்கு இருந்தது அப்பாரு, அதாவது என் அப்பாவைப் பெற்றவர். அப்பாவையும் அம்மாவையும் பிளேக்கு ஒரே வாரத்தில் கொண்டுபோன பிறகு, அந்த மனுசன்தான் என்னை வளர்த்தார். அருணகிரி என்று ஒரு சித்தப்பாவும், ராமாத்தாள் என்று ஒரு அத்தையும் அதே ஊரில் இருந்தார்கள். சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. அத்தைக்குப் பெண்பிள்ளைகள் மட்டும்தான். அப்பாருக்குப் பேரன் என்று நான் ஒருத்தன்தான்.

நான் சுரங்கத்துக்குப் போனது அப்பாருக்குப் பிடிக்கவில்லை. போகாதே என்று சொல்லவும் இல்லை. என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அங்கமுத்து மாமாவை அனுப்பிவிடுவார். அங்கமுத்து மாமா எங்கள் வகையறாவில் சாவு, சடங்கு, கலியாணம் எதுவானாலும் ஊர் ஊராக நடந்துபோய்ச் சொல்கிறவர். அறுப்புக்கு அறுப்பு வீட்டுக்கு ஒரு வள்ளம் தானியம் அதற்காக அவருக்குக் கொடுப்போம். அவர் கால் போகாத ஊர் கிடையாது, ஒரு வீட்டைக்கூட விட்டுப் போனதாகப் பேச்சு கிடையாது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

முதல் தடவை வந்தபோது, அப்பாருக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வா என்றார். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பாரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கம்மஞ்சோற்றுக்கு வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை கால் விளங்காமல் கிடக்கிறார் என்று செய்தி. போய்ப் பார்த்தால் கூரைமேல் ஏறி ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். கால் என்னாச்சு என்று கேட்டேன்.

"ஏறறப்ப வந்துருச்சு சாமி" என்றார் மேலிருந்தபடியே.

கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் போவதற்குள் மேஸ்திரி என் இடத்தில் வேறு ஆளைப் போட்டிருந்தார். மறுபடியும் கடைசியில் நின்று, பள்ளத்தின் அடியிலிருந்து கூடை சுமக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில் கூரையைப் பார்த்துச் சொன்னேன், இனி நிஜமாகச் செத்தால் மட்டும் சொல்லியனுப்புங்கள், வருகிறேன் என்று.

அப்பாரு கோபப்படவில்லை. ஓலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"செத்தா வரோணும்டா. எனக்கு நெய்ப்பந்தம் புடிக்க நீ ஒருத்தன்தான் இருக்கறே."

பாட்டன் செத்தால் பேரன்கள் நெய்ப்பந்தம் கொளுத்திப் பாடையைச் சுற்றி வருவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். எங்கள் வகையறாவில் பந்தத்துக்கு அந்தப் பாட்டனின் வேட்டியையே கிழித்துச் சுற்றுவார்கள். பந்தம் பிடிக்கிற பேரன் இருக்கிற கிழவனுக்கு ஒரு கௌரவம் உண்டு.

அந்த இரண்டு தடவையும் அங்கமுத்து மாமா சுரங்கத்துக்கு வந்ததும் வராததுமாகத் தண்ணீர்தான் கேட்டார். ஒரு செம்பை முழுதாகக் குடித்த பிறகுதான் சேதியையே சொன்னார். இதையும் நான் மறக்கவில்லை.

மூன்றாம் தடவை வந்தது பங்குனியில், நல்ல உச்சி வெயிலில். அன்றைக்குக் காலையில்தான் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து சூளைக்கு வா என்று சொல்லியிருந்தார். சூளையில் கல்லை வேகவைக்கிற வேலை. நெருப்பு உண்டு, ஆனால் சுமை இல்லை. மூன்று வருசமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த இடம். நாளைக்கு வராதவன் திரும்பவும் கூடைக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார்.

பள்ளத்தின் கரையில் அங்கமுத்து மாமா வந்து நின்றார். அவருக்கு அப்போதே கண்ணில் பூ விழத் தொடங்கியிருந்தது. நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ப்பேரைச் சொல்லி, அர்த்தநாரி இருக்கிறானா என்று கேட்டார். அர்த்தநாரி நான்தான். அவர் நின்ற இடத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் இருபதடி இருக்கும். பக்கத்தில் பெரியசாமி என்று ஒரு கூட்டாளி, வாயில் கட்டிய துணிக்குள்ளேயே என்னிடம் சொன்னான்.

"உங்கப்பாரு மறுபடியும் சாவறாருடா."

கூடையோடு நின்ற ஏழெட்டுப் பேரும் குலுங்கினார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு தைரியம் வந்தது. துணியை அவிழ்க்காமல், குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு சொன்னேன்.

"அந்தாளு மேட்டூர் அணை வேலைக்குப் போய்ட்டானுங்க. போயிப் பத்து நாளாச்சு."

அவர் நம்பிவிட்டார். ஆனால் உடனே போகவில்லை. நிழல் இல்லாத இடத்தில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு, நானே மேலே ஏறிப்போய் நீட்டினேன். முகத்தில் துணி இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, செம்பைப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. தலையை ஆட்டினார்.

"வேண்டாஞ் சாமி. சொல்லீட்டுத்தான் குடிக்கோணும். மேட்டூருக்கு எந்தத் தடம் கிட்ட?"

அந்த இடத்திலேயே துணியை அவிழ்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், ஓமலூர்ப் பக்கம் கையை நீட்டித் தடத்தைக் காட்டினேன். கீழே கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது போய் நான்தான் அர்த்தநாரி என்று சொன்னால் அவர்கள் முன்னால் கேவலப்பட வேண்டுமே என்று இருந்தது. அந்தச் சின்ன வெட்கத்துக்குப் பயந்தேன். அவர் நடக்கத் தொடங்கிய பிறகு மனசுக்குள் ஒரு சமாதானமும் தேடிக்கொண்டேன். அப்பாரு கெட்டிக்காரர், இந்தத் தடவை தண்ணீர் வாங்கிக் குடிக்காதே என்றுகூடச் சொல்லி அனுப்பியிருப்பார் என்று. யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அந்தக் கட்டை வைத்து விளையாட அப்பாருக்கும் மனசு வராது, அங்கமுத்து மாமாவும் உடன்பட மாட்டார். தெரிந்துதான் அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் சூளைக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

நாலாம் நாள் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் எங்கள் ஊர் ராசப்பன் என்னைப் பார்த்துவிட்டான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். மேட்டூரிலிருந்து எப்போது வந்தாய் என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் அவனே சொல்லத் தொடங்கினான். அப்பாரு வெள்ளிக்கிழமை விடியக்காலையில் போய்விட்டார். பேரன் வரட்டும் என்று மறுநாள் பொழுது சாய்கிற வரைக்கும் பிணத்தை வைத்திருந்தார்கள். வெயில் காலம், அதற்குமேல் தாங்கவில்லை. பந்தம் இல்லாமலே எடுத்துவிட்டார்கள். எல்லாம் அந்த அங்கமுத்துவால் வந்தது என்று ராசப்பன் காறித் துப்பினான்.

ஊருக்குள் நுழைந்ததும் அத்தை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுகை நிஜம்தான். ஆனால் என் தோளைத் தொட்டவர்கள் எல்லாரும், உனக்குச் சேதி கிடைக்கவில்லையே சாமி, நீ என்ன செய்வாய் என்றார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அழுகை உள்ளே போய்விடும். அப்பாருக்காக அழத் தொடங்கினால் அந்தச் செம்பு கண்முன்னால் வந்து நிற்கும். பிறகு கண்ணீர் வராது. துக்கத்தில் பையன் மரமாகிவிட்டான் என்று அதற்கும் இரக்கப்பட்டார்கள்.

அத்தை கூரையின் இறவாணத்திலிருந்து ஒன்றை உருவி எடுத்து வந்தாள். பச்சை மூங்கில் குச்சியில் அப்பாருடைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, கவுண்டர் வீட்டில் ஒரு உழக்கு நெய் வாங்கி நனைத்து வைத்த பந்தம். எனக்காகச் செய்தது. கொளுத்தாமல் இருந்தது. நெய்க்கு எறும்பு மொய்த்து, துணி கருப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் அப்பாரு ஒன்றும் பேசவில்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னாள்.

அங்கமுத்து மாமா மேட்டூர் வரைக்கும் போயிருந்தார். அங்கே ஆயிரக்கணக்கான ஆட்கள். ஒவ்வொரு கொட்டகையாகப் போய் என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு பகலும் ஒரு ராவும் தேடிவிட்டு, காவேரியில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார். ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கால் இரண்டும் வீங்கி, காய்ச்சலோடு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. மேட்டூராவது ஒன்றாவது, வழியில் கள்ளுக்கடையில் விழுந்து கிடந்திருப்பான் என்றார்கள்.

நான் அவரைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று கேட்டேன். திரும்பினார். என் முகத்தைப் பார்க்காமல் காதை என் பக்கம் வைத்துக்கொண்டார். இன்னொரு வார்த்தை பேசச் சொன்னார். கால் வீக்கம் குறைந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"மேட்டூருக்குப் போய்ட்டானுங்க. அதச் சொல்லு ஒருக்கா."

நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வெகுநேரம் காத்திருந்தார்.

"செரி, போ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தாரோ, செத்த வீட்டு மானம் என்று நினைத்தாரோ எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, சாப்பாடு முடிந்த பிறகு, எங்கள் வகையறாவுக்குத் தலைவரான கொத்துக்காரர் சென்னியப்பன் பேச்சை எடுத்தார். பேரன் இருந்தும் பந்தம் இல்லாமல் ஒரு கிழவனை அனுப்பினோம், இது நமக்கு அவமானம், சேதி சொல்கிற வேலையை இனி ராசப்பனுக்கு மாற்றிவிடலாம் என்றார். ஆட்கள் தலையாட்டினார்கள். அங்கமுத்து மாமாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். மேட்டூர் என்று உனக்குச் சொன்னது யார் என்று கொத்துக்காரர் கேட்டார்.

"மூஞ்சியில துணி கட்டியிருந்தாங்க. எனக்கு அடையாளந் தெரியலீங்க."

சாவு என்று அங்கேயே உரக்கச் சொல்லியிருக்கலாமே என்றார் ஒருவர். சொல்ல வேண்டிய ஆளிடம்தான் சொல்லணும், கரையில் நின்று கத்துகிற சேதியா அது என்று மாமா கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருசம் நடந்த கால் முன்னால் நீட்டிக் கிடந்தது. ராசப்பனிடம் வெற்றிலையைக் கொடுக்கக் கொத்துக்காரர் தட்டில் கை வைத்தார்.

நான் எழுந்துவிட்டேன். மேட்டூர் என்று சொன்னது நான்தான் என்றேன். முன்னே இரண்டு தடவை ஏமாந்ததையும், சூளை வேலையையும், அப்பாரு இந்தத் தடவையும் விளையாடுகிறார் என்று நினைத்ததையும் சொன்னேன். சித்தப்பா என்னை அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கிழவர், கால் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கூரைமேல் ஏறின ஆளாச்சே என்றார். ஒருவர் சிரித்தார். பிறகு சிலர் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். கிழவன் தன் வினையைத் தானே இழுத்துக்கொண்டான், பையன் என்ன பண்ணுவான் என்று பேச்சு மாறிவிட்டது. வெற்றிலை தட்டிலேயே இருந்தது. வேலை அங்கமுத்து மாமாவிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை கேட்டாள்.

"ஏஞ் சாமி, மாமன் அங்க தண்ணி வாங்கிக் குடிச்சாரா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா மட்டும் பார்க்கவில்லை. ஆமாம் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் கிடைத்த மன்னிப்பு அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

"நான் பாக்கலீங் அத்தை. கீழ பள்ளத்துல இருந்தேன்."

அத்தை தலையாட்டினாள். மாமா தன் காலைத் தடவிக்கொண்டார். பாதி உண்மையைச் சொல்லி அவர் வேலையைக் காப்பாற்றினேன், மீதியை வைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்தப் பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் சுரங்கத்துக்குத் திரும்பினேன். கொளுத்தவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. குடிசை மூலையில் சாத்தி வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலத்தில் செல்லரித்து, குச்சி மட்டும் நின்றது. வருசா வருசம் பங்குனியில் மற்றவர்கள் தங்கள் பெரியவர்களுக்குப் படைப்பார்கள். நானும் இலை போட்டுக் கம்மஞ்சோறும் வெங்காயமும் வைப்பேன். பக்கத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். மொண்டு வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வேன். அப்பாருடைய முகத்தை நினைத்துப் பார்க்க எனக்கு எத்தனையோ வருசம் ஆயிற்று. அவரை நினைக்கப் போனால் தடத்தைக் காட்டுகிற என் கைதான் முதலில் தெரியும்.

ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய பிறகு சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒரு வாத்தியார் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். முப்பது வயதில் அ எழுதினேன். முழுதாக எழுதக் கற்றதும் அத்தைக்கு ஒரு கார்டு போட வேண்டும், அதில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, யாராவது வாசலில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவார்கள். அதனால் தள்ளிப் போட்டேன். சௌக்கியம், மழை உண்டா என்று மட்டும் நாலைந்து கார்டு எழுதினேன்.

போன தை மாசம், சூளைக்கு முன்னால் அங்கமுத்து மாமா வந்து நின்றார். எழுபது வயது இருக்கும். கண் அநேகமாகப் போய்விட்டது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் சேலம் வந்து, அங்கிருந்து தடியைத் தட்டித் தட்டி நடந்து வந்திருந்தார். இப்போதெல்லாம் எல்லோரும் கார்டு போட்டுவிடுகிறார்கள், அவர் ஒருவர்தான் இன்னும் நடக்கிறார். பெரியசாமி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினான். மாமா தலையை ஆட்டினார். அதைப் பார்த்ததும் என் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது. இந்தத் தடவை என் முகத்தில் துணி கட்டியிருக்கவில்லை.

மாமா, நான்தான் அர்த்தநாரி என்று முன்னால் போய் நின்றேன்.

"உங்கத்தை ராமாத்தா தவறிட்டா சாமி. நேத்துப் பொழுதோட."

சொல்லி முடித்துவிட்டு இரண்டு கையையும் குவித்து நீட்டினார். பெரியசாமியிடமிருந்து செம்பை வாங்கினேன். ஊற்றினேன். தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஓடியது. பாதி செம்பு குடித்ததும் தலையை நிமிர்த்தினார்.

"அன்னைக்கும் உங்கையிலதான் செம்பு இருந்துச்சு."

"ஆமாங் மாமா" என்றேன். அத்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பதினைந்து வருசம் கழித்துச் சொன்னேன். கேட்டவள் பாடையில் கிடந்தாள்.

அவர் மறுபடியும் கையைக் குவித்தார். மீதித் தண்ணீரையும் ஊற்றினேன். மேஸ்திரியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, அவர் தடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அத்தைக்குப் பின்னால் மகள்கள் வயிற்றில் மூன்று பேரன்கள். பந்தத்துக்குக் குறையில்லை. வழியில் ஒரு பள்ளம் வரும்போது மட்டும், பாத்துப் போங்க மாமா என்று சொன்னேன். என் குரல் அவருக்குத் தெரியும்.